நாள்காட்டியும் பருவமும்

(நமது பங்கின் ஜூபிலி விழாவை ஒட்டி நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஜூபிலி மேடையில் ஏறுகிறவர்கள் பங்கின் வரலாற்றைச் சொல்வார்கள்; கோயில் கட்டிய கதையைச் சொல்வார்கள். நாமோ நாள்காட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆனால் ஜூபிலி என்பதே ஆண்டுகளை எண்ணியதால் வந்த விழா அல்லவா? ஏழு ஆண்டுகளை ஏழு தடவை எண்ணி, அடுத்து வரும் ஐம்பதாவது ஆண்டை ஜூபிலியாகக் கொண்டாடும்படி லேவியராகமம் சொல்கிறது. எண்ணிக்கை பிசகினால் ஜூபிலியும் பிசகிப் போகும். ஆகவே இந்தப் பொருள் இந்த மேடைக்கு அந்நியமானதல்ல.

இந்தப் பேச்சுக்குக் காரணமாயிருந்தவர்கள் நமது மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள். மார்கழி மாதத்தில் கோயில் முற்றத்தில் சரியாக ஒரு மீட்டர் உயரமுள்ள மூங்கில் கம்பு ஒன்றை நட்டோம். கொத்தனார் ஒருவர் தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்துக் கொடுத்தார். தினமும் உச்சிவேளையில் கம்பின் நிழலை அளப்பது என்று ஏற்பாடு. உச்சிவேளை என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி அல்ல. நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்காக வைக்கப்பட்டது. மதுரைக்குச் சூரியன் பதினேழு, பதினெட்டு நிமிடம் தாமதமாகத்தான் உச்சிக்கு வருகிறான். அதிலும் மாதத்துக்கு மாதம் சில நிமிடம் கூடும், குறையும். நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அதுவே உச்சிவேளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டோம்.

டிசம்பர் 22-ஆம் தேதி நிழல் 66 சென்டிமீட்டர் இருந்தது. அதுவே ஆண்டின் மிக நீண்ட உச்சி நிழல். சூரியன் தெற்கே எட்டும் கடைசி எல்லை அது. அதன் பின் நிழல் சுருங்கத் தொடங்கியது. பொங்கலன்று அளந்தபோது 61 சென்டிமீட்டர். அப்போது ஒரு சிறுவன் கேட்டான்: "சார், இன்றைக்குத்தானே உத்தராயணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது? சூரியன் மூன்று வாரத்துக்கு முன்பே திரும்பிவிட்டதே!"

வகுப்பில் பதில் சொல்ல நேரம் போதவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறோம்.

ஆண்டு என்று நாம் ஒரே சொல்லால் சொல்லுகிறோமே தவிர, ஆண்டுகள் இரண்டு வகை. சூரியன் ஒரு விண்மீனிடமிருந்து புறப்பட்டு அதே விண்மீனிடம் வந்து சேருவதாகக் காணும் காலம் ஒன்று. வெயிலும் மழையும் பனியும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும் காலம் மற்றொன்று. இரண்டும் சமமாக இருந்திருந்தால் நமக்கு இந்தப் பேச்சே வேண்டியதில்லை. பூமியின் அச்சு பம்பரம் தள்ளாடுவதுபோல் மிக மெதுவாகத் தள்ளாடுகிறது. ஒரு தள்ளாட்டத்துக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். ஆகவே பருவ ஆண்டு விண்மீன் ஆண்டைவிடச் சிறிது குறைந்து நிற்கிறது.

நமது பஞ்சாங்கம் பிடித்திருப்பது விண்மீன் ஆண்டு. சூரிய சித்தாந்தக் கணக்கின்படி அதன் அளவு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி. இது கைக்கடிகார விநாடி அல்ல. பஞ்சாங்க விநாடி அறுபது சேர்ந்தது ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். பருவ ஆண்டையும் இதே அளவையில் சொன்னால் 365 நாள், 14 நாழிகை, 32 விநாடி. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு நாழிகை. அறுபது நாழிகை ஒரு நாள். அப்படியானால் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நாள்காட்டி பருவத்தைவிட்டு ஒரு நாள் நழுவிவிடுகிறது. அறுபதாம் கல்யாணம் நடத்துகிற பெரியவர் பிறந்தபோது இருந்த தை முதல் தேதிக்கும், அவர் மணையில் உட்காரும் ஆண்டின் தை முதல் தேதிக்கும் இடையே சூரியன் ஒரு நாள் முந்திக்கொண்டுவிட்டான். அவர் வீட்டில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்!

ஒரு நாள்தானே என்று தோன்றும். ஒரு சான்று சொல்லுகிறோம். சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863-ஆம் ஆண்டு ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி, அதாவது நம் பொங்கல் நாள். இன்று அதே திருநாள் ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. இடையே ஓடியது ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்று மேல். இப்படியே பின்னோக்கிப் போனால், சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்தன. சித்திரை முதல் நாளும் பகலும் இரவும் சமமாகும் நாளாகவே இருந்தது. சித்திரை விஷு என்கிறோமே, விஷு என்ற சொல்லே அந்தச் சமநாளைத்தான் குறிக்கும். இன்று சமநாள் மார்ச் 20, 21-இல் முடிந்து, மூன்று வாரத்துக்குமேல் கழித்து விஷு வருகிறது. பெயர் அங்கே நிற்கிறது, பொருள் நகர்ந்துவிட்டது.

இதைக் கேட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பரிகாசம் செய்யக் கூடாது. அதைச் செய்தவர்கள் வானத்தை உற்றுப் பார்த்தவர்கள். மார்கழிக்கு 29 அல்லது 30 நாளும், ஆனிக்கு 31 அல்லது 32 நாளும் ஏன் வந்தன என்று எண்ணியதுண்டா? ராசிக்கு ராசி சூரியன் கடக்கும் வேகம் மாறுகிறது. குளிர்காலத்தில் விரைவு, கோடையில் தாமதம். அந்த வேகத்தையே மாதத்தின் நீளமாக வைத்தார்கள். ஜனவரிக்கு 31-ம் பிப்ரவரிக்கு 28-ம் என்பதில் அப்படி ஒரு நியாயம் கிடையாது.

மேலும், இதே நோய் நம் திருச்சபையின் நாள்காட்டியையும் பிடித்திருந்தது. கி.மு. 46-இல் ஜூலியஸ் சீசர், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸின் ஆலோசனையால், நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டும் முறையை வகுத்தார். அந்த ஆண்டின் அளவை நம் நாழிகையில் சொன்னால் 365 நாள், 15 நாழிகை. பருவ ஆண்டைவிட 28 விநாடி அதிகம். நம் பஞ்சாங்கத்தின் நழுவலில் ஏறக்குறையப் பாதி. 128 ஆண்டுக்கு ஒரு நாள் என்று அது நழுவியது. கி.பி. 325-இல் நிசேயாச் சங்கம் கூடிய காலத்தில் மார்ச் 21-ஐ ஒட்டி வந்த சமநாள், பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு வந்துவிட்டது.

இதனால் என்ன கெட்டது? பாஸ்கா விழா கெட்டது. இளவேனில் சமநாளுக்குப் பின் வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. சமநாளைப் பத்து நாள் தவறாகக் கொண்டால் நிலவும் தவறும். சில ஆண்டுகளில் விழா ஒரு மாதமே தள்ளிப் போகும். போகப் போக, இளவேனிலில் வரவேண்டிய பாஸ்கா கோடைக்குள் புகுந்துவிடும்.

திருத்தத்துக்கு வழி கண்டவர் இத்தாலியின் தென்கோடியில் பிறந்த அலோய்சியுஸ் லிலியுஸ் என்ற மருத்துவர். 1576-இல் அவர் இறந்துவிட, அவருடைய சகோதரர் அந்தத் திட்டத்தை உரோமையில் சமர்ப்பித்தார். அதை ஆராய்ந்த குழுவில் சேசு சபையின் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் இருந்தார். கீழ்த்திசைச் சிரியத் திருச்சபையின் முதுபெரும் தந்தை ஒருவரும் இருந்தார். வத்திக்கானில் காற்றுக் கோபுரம் என்ற ஒரு கட்டடம் உண்டு. அதன் சுவரிலுள்ள சிறு துவாரத்தின் வழியே வெயில் தரையில் விழும்படி, இஞ்ஞாசியோ தாந்தி என்ற துறவி அங்கே ஒரு கோடு அமைத்தார். நாம் முற்றத்தில் நட்டோமே மூங்கில் கம்பு, அதற்கும் அந்தக் கோபுரத்துக்கும் வேலை ஒன்றுதான்.

1582-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் பாப்பரசர் 13-ஆம் கிரகோரியார் ஆணையிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. நடுவே பத்து நாள் இல்லை. கிழமை மட்டும் அறுந்துபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவிலாப் புனித தெரேசம்மாள் அந்த இரவில்தான் உயிர் துறந்தார். அவருடைய திருநாள் அக்டோபர் 15 ஆனது அதனால்தான். கடன் வாங்கியவனும் கொடுத்தவனும் பத்து நாளுக்காகச் சண்டையிடுவார்களே என்று, தவணைகளில் பத்து நாள் கூட்டிக் கணக்கிடும்படி ஆணையிலேயே எழுதினார்கள். நமக்கு அந்த ஆணையில் மிகவும் பிடித்த வரி அதுதான்.

இனிமேல் நழுவாமல் இருக்க என்ன செய்தார்கள்? 400 ஆண்டில் 100 மிகைநாள் வைப்பதற்குப் பதில் 97 வைத்தார்கள். 1700, 1800, 1900 மிகை ஆண்டுகள் அல்ல. 2000 மிகை ஆண்டு. இப்போது ஆண்டின் அளவு 365 நாள், 14 நாழிகை, 33 விநாடி. பருவ ஆண்டோடு ஒரு விநாடிதான் பிசகு. ஒரு நாள் நழுவ மூவாயிரம் ஆண்டுக்குமேல் செல்லும். இதைவிடச் சரியான முறைகளும் உண்டு. பாரசீகர்கள் சமநாளை நேரே கணித்து அதிலிருந்தே புத்தாண்டைத் தொடங்குகிறார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளையும் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய விதி என்று பார்த்தால் 400-க்கு 97 நல்ல விதி.

கணக்குச் சரியாயிருந்தும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. பாப்பரசர் சொன்னார் என்பதற்காகவே சீர்திருத்த சபை நாடுகள் பல மறுத்தன. அந்தக் குழப்பம் நம் தமிழ்நாட்டிலும் நடந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காலம் முதல் நம் குருக்கள் புதிய கணக்கில் தேதியிட்டார்கள். சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரோ 1752 வரை பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருந்தார்கள். புனித அருளானந்தர் ஓரியூரில் தலை கொடுத்தது 1693 பிப்ரவரி 4. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் நம்மவர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஓரியூர் போகிறோம். அன்று சென்னைக் கோட்டையின் கணக்கேட்டில் ஜனவரி 25 தான்! 1700-க்குப் பிறகு வித்தியாசம் பதினொரு நாளாயிற்று. வீரமாமுனிவர் தமிழ்நாட்டில் வாழ்ந்த காலம் முழுவதும் அப்படியே இருந்தது. தரங்கம்பாடியின் டேனிஷ்காரர்கள் 1700-லேயே புதிய கணக்குக்கு மாறிவிட்டார்கள். கடைசியாக 1752-இல் ஆங்கிலேயர் செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று எழுதி வழிக்கு வந்தார்கள். நூற்று எழுபது ஆண்டுப் பிடிவாதம்.

இந்தத் தேதிச் சிக்கல்களை நமக்காக அவிழ்த்துக் கொடுத்தவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஒரு தமிழர் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். திவான் பகதூர் லூயி தொமினிக் சுவாமிக்கண்ணுப் பிள்ளை, 1865-இல் சென்னையில் பிறந்தவர். கல்வெட்டில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன திதி என்று இருந்தால் அது ஆங்கிலத் தேதியில் என்ன என்று கண்டுபிடிக்கும் அட்டவணைகளை ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கினார். 1922-இல் அவை பெரும் தொகுதிகளாக வெளிவந்தன. சென்னைச் சட்டசபையின் தலைவராக இருந்தபோதே 1925-இல் காலமானார். நம் வையையில் வெள்ளம் வந்த நாளில் கோள்கள் எந்தெந்த ராசியில் நின்றன என்று பரிபாடலின் பதினோராம் பாட்டு விவரிக்கிறது. அதைக் கொண்டு அந்நாளைக் கி.பி. 634 என்று கணித்தார். அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. நாமும் அதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவர் அல்லோம். ஆனால் ஆற்று வெள்ளத்தைச் சொல்லவந்த புலவர் வானத்தையும் சேர்த்தே சொன்னார் என்பதை இந்தக் கரையில் வாழ்கிற நாம் நினைவில் வைக்கலாம்.

சுதந்திரம் வந்தபின் நம் நாட்டிலும் ஒரு திருத்தம் முயலப்பட்டது. 1952-இல் விஞ்ஞானி மேகநாத சாகா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். நாட்டில் வழங்கிய முப்பது வகை நாள்காட்டிகளை அது பரிசீலித்து 1955-இல் அறிக்கை தந்தது. சாகா 1956 பிப்ரவரியில் மறைந்தார். மறு ஆண்டு, 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாகத் தேசிய நாள்காட்டி நடப்புக்கு வந்தது. அது பருவ ஆண்டைப் பின்பற்றுவது. சமநாளுக்கு மறுநாள் ஆண்டு பிறக்கும். அரசிதழில் அந்தத் தேதியைக் காணலாம். வீட்டில் காண முடியாது. அந்தத் தேதி சொல்லி யாரும் பெண் பார்க்கப் போவதில்லை, யாரும் வாடகை கேட்பதுமில்லை.

சாகா குழு அதோடு நிற்கவில்லை. மக்கள் பழகிய பஞ்சாங்கத்துக்கென்று இன்னொரு யோசனையும் சொன்னது. அதைப் பலரும் மறந்துவிட்டார்கள். நடந்த நழுவலைத் திருப்ப வேண்டாம். பத்து நாளையோ இருபத்துமூன்று நாளையோ விழுங்க வேண்டாம். சூரியன் சமநாள் புள்ளியிலிருந்து 23 பாகை 15 கலை நகர்ந்ததும் சித்திரை பிறக்கட்டும். அந்த அளவை என்றைக்குமாக நிறுத்தி வைப்போம் என்றது. அதாவது சித்திரை இப்போதுபோலவே ஏப்ரல் நடுவில், தை ஜனவரி நடுவில். நழுவுவது மட்டும் நின்றுவிடும்.

நழுவினால் யாருக்கு நஷ்டம் என்று மாடக்குளம் கண்மாய்ப் பக்கம் வயல் வைத்திருந்த ஒரு பெரியவரைக் கேட்டோம். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்கதான் தம்பி. ஆனா நாங்க பாத்தது மேகத்தையும் அணையையும். வைகையில தண்ணி தொறந்தாத்தான் நாத்து" என்றார். உண்மை. உழவனை நாள்காட்டி ஏமாற்றுவதற்கு அவன் ஆயுள் போதாது. நஷ்டம் சொல்லுக்கு. ஐப்பசி அடைமழை என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். 1800 ஆண்டில் ஒரு மாதம் நழுவும். அப்போது ஐப்பசி பிறக்கும் முன்பே மழை பாதி பெய்து முடிந்திருக்கும். இன்னொன்று: இப்படியே போனால் 1200 ஆண்டு கழித்துப் பொங்கல் பிப்ரவரி 4-ஐத் தொடும். மிக முந்தி வரக்கூடிய சாம்பல் புதனும் பிப்ரவரி 4 தான். சர்க்கரைப் பொங்கலையும் ஒருசந்தியையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு அன்றைய பங்குத்தந்தை என்ன செய்வாரோ!

ஆனால் சாகாவின் யோசனைக்கும் ஒரு விலை உண்டு. சித்திரை என்ற பெயர் அந்த மாத முழுநிலவு சித்திரை விண்மீனருகே நிற்பதால் வந்தது, கார்த்திகையும் அப்படியே. மாதத்தைப் பருவத்தோடு கட்டினால் நெடுங்காலத்தில் நிலவு அந்த விண்மீனை விட்டு விலகும். விண்மீனைப் பிடித்தால் மழை கை நழுவும். மழையைப் பிடித்தால் விண்மீன் நழுவும். இரண்டையும் பிடிக்க எந்தக் கணக்கராலும் ஆகாது. திருக்கணிதப் பஞ்சாங்கம் கோள்களைச் சரியாகக் காட்டும். ஆயினும் அதுவும் விண்மீன் ஆண்டையே பற்றியிருப்பதால் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் நழுவுகிறது. நம் முகம்மதிய சகோதரர்கள் நிலவை மட்டும் பிடித்தார்கள். அவர்கள் ஆண்டு 354 நாள்; இரம்ஜான் 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். அது பிழையல்ல, தெரிந்தே செய்த தேர்வு.

எங்கள் கருத்தைக் கேட்டால், பொங்கல் வெள்ளாமைத் திருநாள். அது பருவத்தோடு நிற்பதே முறை. அதற்குச் சாகா சொன்ன வழி போதும். சித்ரா பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் இந்துச் சகோதரர்களின் திருநாள்கள். அவற்றை விண்மீனுக்கு வைப்பதா, பருவத்துக்கு வைப்பதா என்பது அவர்கள் சொல்ல வேண்டியது. புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்று 2008-இல் சட்டம் போட்டு 2011-இல் எடுத்தார்களே, அந்த வழக்குக்குள் நாம் நுழையவில்லை. எந்த மாதத்தில் தொடங்கினாலும் நழுவல் ஒன்றுதான்.

இந்த நழுவலைக் காண ஒரு சுலபமான வழி நம் ஊரிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் நம் பெரிய வாரமும் பங்குனி உத்திரமும் ஒன்றையொன்று ஒட்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் அநேகமாக ஒரே முழுநிலவு. பாஸ்கா நிலவு பருவத்தோடு கட்டுண்டது. பங்குனி விண்மீனோடு கட்டுண்டது. இன்னும் இரண்டாயிரம் ஆண்டில் நம் பாஸ்கா நிலவு பெரும்பாலும் மாசி நிலவாகிவிடும்.

அந்தச் சிறுவனுக்கு இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரையில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். ஏப்ரல் 15, 16-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி ஒன்று. நாம் வாழும் இக்காலத்தில் முதலாவது சித்திரை 2, 3-இல் விழுகிறது. அன்று உச்சிவேளையில் கம்புக்கு நிழலே இராது. வருகிற சித்திரை 2-ஆம் நாள், பகல் பன்னிரண்டே காலுக்கு, பிள்ளைகள் எல்லோரும் கோயில் முற்றத்துக்கு வந்துவிடுங்கள். தலைக்குத் தொப்பியும் குடிக்கத் தண்ணீரும் கொண்டு வாருங்கள். கம்பு நாம் கொண்டு வருகிறோம்.